பரிகாசத்தின் மேல் ஒரு வழக்கு

ஆளுவோரைப் பார்த்துச் சிரிப்பது குற்றமென்று வெளிப்படையாக எழுதிவைத்த சட்டம் உலகில் அபூர்வமாகையால், பாட்டுக் கட்டிப் பரிகாசம் செய்தவனைப் பிடித்து உள்ளே வைக்க விரும்பும் அரசாங்கம், முதற்காரியமாக அந்தப் பரிகாசத்துக்கு வேறொரு நாமகரணம் செய்துகொள்ள வேண்டியதாகிறது. ஓரிடத்தில் அது ராஜத்துரோகம் ஆகிறது, இன்னோரிடத்தில் ஆபாசம், மற்றோரிடத்தில் மதநிந்தை. சிரிப்பு எந்தக் கணத்தில் குற்றமாக உருமாறுகிறது என்பதுதான் சில காலமாக என் சிந்தனையைப் பற்றிக்கொண்டிருக்கும் விஷயம்.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவன் என் சகோதரியின் மகன். நீர்வேலியின் சிவந்த மண்ணில் எங்கள் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற நேரத்திலும் காதில் எதையோ செருகிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பவன் அவன். ஒருநாள் அந்தக் கருவியைக் கழற்றி என் காதில் வைத்தபோது, தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பொழிவது போன்ற ஓர் ஓசை கேட்டது. அதன் நடுவே ஒருவன் மூச்சு விடாமல் எதையோ கத்தினான். இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “தம்பி, இது பாட்டோ சண்டையோ?” என்றேன். “மாமா, முதல்லை சொல்லைக் கேளுங்கோ. மெட்டைப் பிறகு பாப்பம்” என்றான்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தது ஹார்ட்கோர் பங்க் என்று அமெரிக்கர் வழங்கும் சங்கீத வகை. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் ஆரம்பத்திலும் கலிபோர்னியா, வாஷிங்டன், நியூயோர்க் முதலிய இடங்களில், சாஸ்திரப் பயிற்சியோ பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஆதரவோ இல்லாத இளைஞர்கள், மூன்று சுருதிக்கூட்டுக்களை அறிந்தவன் எவனும் வாசிக்கலாம் என்ற தைரியத்தில் உண்டாக்கிக்கொண்டது இது. தங்கள் இசைத்தட்டுக்களைத் தாங்களே அச்சிட்டுத் தாங்களே விற்றார்கள். அவர்களுள் சொல்லில் மிகக் கூர்மையானவர்கள், என் அபிப்பிராயத்தில், 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய டெட் கென்னடிஸ் என்ற குழுவினர். கொலையுண்ட ஜனாதிபதி ஒருவரின் குடும்பப் பெயரோடு மரணத்தைச் சேர்த்துத் தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்ட அந்த ஒரு செயலே பாதி அமெரிக்காவைக் கோபப்படுத்தப் போதுமானதாக இருந்தது. அதன் பாடகர் எரிக் பூச்சர், குழந்தைகள் உண்ணும் ஜெல்லோ என்ற தின்பண்டத்தின் பெயரையும், நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்று பட்டினியால் மடிந்த பியாப்ராவின் பெயரையும் ஒட்டி, ஜெல்லோ பியாப்ரா என்று தம்மை அழைத்துக்கொண்டார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் அரசியல் பேசியவர்களுக்குப் பியாப்ரா என்பது வெறும் பெயரன்று. ஆகையால் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவருடைய உபாயம் என்னைக் கட்டிப்போட்டது. எதிரியைத் திட்டிப் பாடுவது எளிது. பியாப்ரா எதிரியின் வேஷத்தைத் தாமே கட்டிக்கொண்டு பாடினார். 1979இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில், அன்று கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த, முற்போக்காளரென்று பெயரெடுத்த ஜெரி பிரௌன், தாம் ஜனாதிபதியாகித் தியானமும் இயற்கை உணவும் கட்டாயமாக்கப்பட்ட ஒரு சர்வாதிகாரத்தை நிறுவப்போவதாகத் தம் வாயாலேயே பெருமையடித்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு வந்த ‘கில் த புவர்’ என்ற பாட்டிலே, கட்டடங்களுக்குச் சேதமில்லாமல் மனிதரை மாத்திரம் மாய்க்கும் நியூத்திரன் குண்டு வந்துவிட்டதால் ஏழைகளின் தொல்லை இனி நீங்கிற்றென்று கனவான் ஒருவர் ஆனந்தப்படுகிறார். அந்த ஆனந்தத்தில் ஒரு குறையும் வைக்காமல், முகத்தில் ஒரு சுழிப்பும் காட்டாமல் பாடுகிறார் பியாப்ரா. 1979இல் அவர் சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் போட்டியிட்டு, நகரத்து வர்த்தகர்கள் யாவரும் கோமாளி உடை தரித்தே நடமாட வேண்டும் என்பதைத் தம் வாக்குறுதிகளில் ஒன்றாக வைத்தபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பரிகாசத்துக்காகவும் எத்தனை பேர் நகரசபையின்மேல் இருந்த மெய்யான வெறுப்பினாலும் அளித்தார்கள் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

பிறர் வேஷம் கட்டுவதில் ஓர் அபாயம் உண்டு. பார்ப்பவன் வேஷத்தை ஆளென்று எண்ணிவிடலாம். பிளாக் ஃபிளாக் என்ற குழு, தாங்கள் சிறுபான்மையாகிவிடுவோம் என்று அஞ்சும் வெள்ளையரின் பீதியைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாடியது. அதை 1980இல் பதிவு செய்தபோது பாடியவர் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். அப்படியிருந்தும் அதனை மெய்யான நிறவெறிப் பாட்டாகவே எடுத்துக்கொண்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். ஹிட்லரின் இளைஞர் படையை நினைவூட்டும் வண்ணம் ‘ரீகன் யூத்’ என்று பெயர் வைத்துக்கொண்ட நியூயோர்க் குழுவினரும், தாங்கள் ரீகனின் பக்தர்களல்லர் என்பதை விளக்கவேண்டிய நிலைக்கு ஆளானார்கள். டெட் கென்னடிஸ் கச்சேரிகளுக்கு ஸ்வஸ்திகம் அணிந்து வந்து மற்றவர்களை அடித்து உதைத்த இளைஞர்களைக் கண்டு மனம் வெறுத்த பியாப்ரா, 1981இல் வேஷம் ஏதுமின்றி, நாஜிக்களே வெளியே போங்கள் என்னும் பொருள்பட, அச்சிடத்தகாத சொல்லொன்றைச் சேர்த்து நேரடியாகவே ஒரு பாட்டுப் பாட நேர்ந்தது. பரிகாசக்காரன் தன் ரசிகனிடம் தோற்ற தருணம் அது என்பேன்.

அரசாங்கத்திடம் தோற்றது வேறு விதமாக நிகழ்ந்தது. ஆளுநரையும் ஜனாதிபதி ரீகனையும் இத்தனை ஆண்டுகளாகத் தோலுரித்த பாட்டுக்களில் ஒன்றின் மேலும் அமெரிக்காவில் வழக்கு வரவில்லை. பேச்சுரிமையைக் காக்கும் அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் அதற்கு இடங்கொடாது. வழக்குக்கு வழி வேறிடத்தில் கிடைத்தது. 1985இல் வெளியான அவர்களது இசைத்தட்டொன்றின் உறைக்குள்ளே, சுவிற்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கிகர் வரைந்த, ஆண் பெண் குறிகள் வரிசை வரிசையாக அமைந்த ஒரு படம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தட்டை வாங்கிய ஒரு பெண்பிள்ளையின் தாயார் முறையிட்டார். 1986 ஏப்ரலில் பொலிசார் பியாப்ராவின் வீட்டைச் சோதனையிட்டனர். சிறுவருக்குத் தீங்கு விளைக்கும் பொருளை விநியோகித்தாரென்று குற்றஞ்சாட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான், செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் முதலிய வாஷிங்டன் சீமாட்டிகள், பாட்டுக்களால் பிள்ளைகள் கெடுகிறார்களென்று செனட் சபையிலே விசாரணை நடத்துவித்து, இசைத்தட்டுக்களின்மேல் எச்சரிக்கை ஒட்டவேண்டுமென்று போராடியிருந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1987இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் யூரிகள் ஏழுக்கு ஐந்தாக விடுதலையின் பக்கம் சாய்ந்து, ஒருமித்த முடிவுக்கு வரமுடியாமல் நிற்க, நீதிபதி மறுவிசாரணையை மறுத்து வழக்கைத் தள்ளினார். அதற்குள் குழு கலைந்துவிட்டது. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்தின் கையிருப்பு கரைந்துபோயிருந்தது.

இவ்வளவையும் மருமகன் சொல்லி முடித்தபோது, நம் தமிழ்நாட்டிலே இதைவிட நேரான ஒரு வழக்கு நடந்ததே, அதை நீ அறிவாயா என்று கேட்டேன். அறியான். 2015இல் அவன் சிறுவன்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, விடியும் முன்னரே திருச்சிராப்பள்ளியில் தம் வீட்டிலிருந்து கைது செய்யப்பட்ட பாடகர் கோவன், மக்கள் கலை இலக்கியக் கழகம் என்ற இடதுசாரி அமைப்பின் பிரதான பாடகர். பறை முழங்க, நாலைந்து பேர் பின்பாட்டுப் பாட, நாட்டுப்புற மெட்டில் அரசியலைச் சொல்லும் அவருடைய பாணியைக் கேட்டவர்கள், அதில் சங்கீத நுணுக்கத்தைவிட உறைப்பே மேலோங்கி நிற்பதை அறிவார்கள். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் தலையாயது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124 ஏ பிரிவு, அதாவது ராஜத்துரோகம். செய்த குற்றம், அரசாங்க மதுக்கடைகளை மூடு என்று பாடிய பாட்டும், ஊரூராகச் சாராயம் ஓடுவதைச் சொல்லும் மற்றொரு பாட்டும்.

அந்தப் பாட்டுக்கள் ஏன் அவ்வளவு சுட்டன என்பதை அறிய, அக்காலத்துத் தமிழ்நாட்டை அறியவேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை வியாபாரம் முழுவதும் டாஸ்மாக் என்ற அரசாங்கக் கழகத்தின் ஏகபோகமாகி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளிலிருந்து ஆண்டுதோறும் இருபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வருமானத்தில் நிற்கும் அரசாங்கத்தின் முதலமைச்சரோ, ‘அம்மா’ என்ற பெயரிலே உணவகமும், குடிநீரும், உப்பும், சிமெந்தும் வழங்கித் தம்மை மாநிலத்துக்கே தாயாக நிலைநாட்டியிருந்த ஜெயலலிதா. 2015 ஜூலை 31இல் காந்தியவாதி சசிபெருமாள், மார்த்தாண்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரித் தொலைத்தொடர்புக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடுகையில் உயிர்நீத்தார். ஊர்ப்பெண்கள் மதுக்கடைகளை உடைத்தார்கள். அந்த வேளையில் கோவன் செய்ததெல்லாம், தாய் என்ற அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டு, பிள்ளைக்குப் பால் வார்க்கவேண்டிய கை எதை வார்க்கிறது என்று கேட்டதே. எதிரி தானே தரித்துக்கொண்ட வேஷத்தை எதிரியின் மேலேயே வைத்து இறுக்கிக் கட்டியது அந்தப் பாட்டு. பியாப்ராவுக்கு ஆளுநரின் வேஷத்தைத் தாமே கற்பனையில் சிருஷ்டிக்க வேண்டியிருந்தது. கோவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை, சுவர்தோறும் பாத்திரம் ஏற்கனவே ஒட்டப்பட்டிருந்தது.

பெண்ணொருவரைப் பற்றி இழிவான தொனியில் பாடினார் என்று அந்நாளில் எழுந்த ஆட்சேபத்தை நான் அற்பமென்று தள்ளமாட்டேன். மது ஊற்றிக் கொடுக்கும் பெண் என்னும் சித்திரத்துக்குள்ளே, ஆண் ஆட்சியாளர் எவரையும் அவ்வளவு எளிதில் குத்தாத ஒரு பழைய கொடுக்கு ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. அதைச் சுட்டி எழுதுவது விமர்சகரின் கடமை. ஆனால் அதற்கு ராஜத்துரோகச் சட்டம் எதற்கு? 1870இல் வெள்ளைக்காரன் புகுத்திய அந்தப் பிரிவினால் 1897இல் திலகரும், 1908இல் வ. உ. சிதம்பரம்பிள்ளையும், 1922இல் காந்தியடிகளும் சிறை சென்றார்கள். 1962இல் இந்திய உச்சநீதிமன்றம், வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கே அப்பிரிவு பொருந்தும் என்று எல்லை வகுத்தது. மதுக்கடையை மூடு என்பதிலே வன்முறையை எந்த நுண்ணோக்கியால் கண்டார்களோ தெரியாது. நவம்பர் நடுப்பகுதியில் கோவனுக்குப் பிணை கிடைத்தது. அதற்கிடையில் அந்தப் பாட்டு, கைத்தொலைபேசி வழியாக யாழ்ப்பாணத்து மினிபஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது. பொலிசாரைப்போல விளம்பரம் செய்ய எந்த இசைத்தட்டு நிறுவனத்தால் முடியும்?

இந்த இடத்தில் பலரும் மகிழ்ந்து முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி பாதிதான். கைதுக்கு முதல் வாரம் வரை மக்கள் பேசியது சாராயத்தை. கைதுக்குப் பின் பத்திரிகைகளும் தொலைக்காட்சி விவாதங்களும் பேசியது 124 ஏ பிரிவை. கோவன் வீரராகவோ துஷ்டராகவோ ஆனார், கடைகளின் கதவு திறந்தபடியே இருந்தது. 2016இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா ஐந்நூறு கடைகளை மூடவும் வியாபார நேரத்தைக் குறைக்கவும் உத்தரவிட்டது மெய். எதிர்க்கட்சிகளின் தேர்தல் வாக்குறுதிகளும் பெண்களின் மறியலும் அதில் கொண்ட பங்கு பாட்டின் பங்கைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன். பரிகாசத்தைக் குற்றமாகப் பெயர் மாற்றுவதால் அரசாங்கத்துக்குக் கிட்டும் லாபம் இதுதான் போலும்: வழக்கிலே தோற்றாலும், எதைப் பற்றிப் பேசுவது என்பதை அது தீர்மானித்துவிடுகிறது. கலிபோர்னியாவிலும் அப்படியே. யூரிகள் நாட்கணக்காக ஓர் ஓவியத்தைப் பற்றி விவாதித்தார்கள்; ரீகனைப் பற்றி அந்த மன்றத்தில் யார் என்ன பேசியிருக்க முடியும்? கோவன் என்னவோ அசரவில்லை. 2018 ஏப்ரலில் பிரதமரையும் அப்போதைய முதலமைச்சரையும் பரிகசித்த இன்னொரு பாட்டுக்காக மறுபடியும் பிடிபட்டு அன்றே பிணையில் வந்தார்.

நம் யாழ்ப்பாணமும் இந்த வித்தையில் புதிதன்று. கண்டனம் எழுதுவதையே ஒரு சாஸ்திரமாகப் பயின்ற தேசம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமாரும் சைவரும் துண்டுப்பிரசுரங்களால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட காலத்தில், ஆறுமுக நாவலரோடு கைகோத்து நின்று கிறிஸ்துமத கண்டனம் எழுதிய சங்கர பண்டிதர் எங்கள் நீர்வேலிக்காரர். ஆயினும் அது படித்தவர் படித்தவரோடு செய்த யுத்தம். எனக்கு இதைவிட அருமையாகத் தோன்றுவது ‘கந்தன் கருணை’ என்ற நாடகம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள்ளே ஒடுக்கப்பட்ட சாதியினர் புகாதபடி, கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் தம் பரிவாரத்தோடு வாசலில் நின்று தடுத்த கதை எல்லோரும் அறிந்தது. அந்தப் போராட்டத்தை எழுத்தாளர் என். கே. ரகுநாதன் நாடகமாக்க, இளைய பத்மநாதனும் அம்பலத்தாடிகள் குழுவினரும் அதைக் காத்தான் கூத்தின் பாணியில் அமைத்து ஊரூராக ஆடினார்கள்.

காத்தான் கூத்தின் மெட்டுக்களை எங்கள் பகுதியில் தெரியாதவர் இல்லை. நேர்த்திக்கு ஆடுகிற கூத்து அது. சிந்து நடையில் துள்ளிச் செல்லும் அதன் வரிகளை ஒருமுறை கேட்ட பிள்ளையும் மறுநாள் பாடும். அண்ணாவியாரிடம் ஆண்டுக்கணக்காய் இருந்து தாளக்கட்டுப் பழகவேண்டிய கூத்துக்கள் வேறு இருக்க, அம்பலத்தாடிகள் இதைத் தெரிந்தெடுத்ததிலே பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. எவனும் வாசிக்கக்கூடிய மூன்று சுருதிக்கூட்டுக்களை அமெரிக்கப் பொடியள் நாடியதும் அதே காரணத்தினால்தான். கோயில் வீதியில் பக்தியோடு கேட்டுப் பழகிய மெட்டிலேயே கோயிற் கதவை ஏன் சாத்தினாய் என்ற கேள்வி வந்து விழும்போது, கேட்பவனால் காதைப் பொத்திக்கொள்ள முடிவதில்லை. முருகனின் பெயரால் மறித்தவர்களுக்கு முருகனின் பெயராலேயே விடை சொன்னதும் வேஷத்தை எதிரியிடமிருந்து கைப்பற்றும் அதே உபாயம்தான். என் கணிப்பில் பியாப்ராவைவிட இவர்கள் இதில் தேர்ந்தவர்கள், ஏனெனில் இங்கே பார்வையாளரில் பாதிப்பேர் அந்த முருகனை மெய்யாகவே வணங்குகிறவர்கள்.

இன்றைய இலங்கையில் பெயர்மாற்றத் தொழில் மிகவும் நவீனமாகிவிட்டது. குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றவென்று 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டே, 2023 மே மாதத்தில் சிங்கள நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தார்கள். மேடையில் சொன்ன சில வேடிக்கைகள் பௌத்தத்தை நிந்தித்தன என்பது குற்றச்சாட்டு. ஜூலையில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. அதற்கு ஓராண்டு முன்பு, அரகலய என்ற மக்கள் கிளர்ச்சிக் காலத்தில், அன்றைய ஆளுங்குடும்பத்துப் பசில் ராஜபக்ஷவைக் காகமாக்கிச் சனங்கள் ஒரு பாட்டைப் பாடித் திரிந்தபோது யாரை என்று பிடிப்பார்கள்? ஊர் முழுவதும் பாடினால் பாட்டுக்கு ஆசிரியன் இல்லாமற் போகிறான்.

சிரிப்புக்குச் சம்பந்தமில்லாதது எனினும், வாசிக்கத் தெரியாதவன் நீதிக்கு வாசகனாவதால் வரும் விபரீதத்துக்காக அஹ்னாஃப் ஜசீமின் கதையையும் சொல்லவேண்டும். மன்னாரைச் சேர்ந்த இந்த இளங்கவிஞர், ‘நவரசம்’ என்ற தம் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டு, 2021 டிசெம்பர் வரை பிணையின்றி அடைபட்டு, 2023 டிசெம்பரிலே நிரபராதியென விடுவிக்கப்பட்டார். தீவிரவாதத்தை வெறுத்து எழுதிய கவிதையைத் தீவிரவாதமென்று வாசித்திருந்தார்கள். பிளாக் ஃபிளாக்கின் பாட்டைத் தலைகீழாக விளங்கிக்கொண்ட ரசிகனும் இந்த வாசகரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே வேறுபாடு, ரசிகனின் கையில் விலங்கு இல்லை.

யாழ்ப்பாணத்துப் பாலப்பருவமும் லண்டன் அகதிவாழ்வும் கொண்ட மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் செய்தவற்றை மருமகன் நினைவூட்டினான். அகதிகளின் படகுகளைக் காட்டும் 2015ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் காட்சியில், பாரிஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் மேலாடையில் விமான நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தைக் ‘கடற்கொள்ளையர்’ என்று மாற்றி அணிந்து அவர் தோன்ற, அதை நீக்கச்சொல்லிக் கழகம் கடிதம் அனுப்பியது. அகதிகள் மறைந்து மேலாடை விவகாரமாயிற்று. அவருடைய பிற்காலத்து அபிப்பிராயங்கள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை; ஆனால் அந்த மேலாடை ஒரு நல்ல பரிகாசம்.

இதையெல்லாம் கேட்டதன் விளைவோ என்னவோ, மருமகனும் அவன் தோழரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். விஷயம் சந்தைக் கழிவு. குலையைத் தராசில் வைத்தால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழித்துக்கொண்டு மிச்சத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் குடாநாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக இருந்துவருவதையும், கூடாதென்று அதிகாரிகள் சொல்வதையும், சொன்ன பின்னரும் அது நடப்பதையும் தோட்டக்காரர் யாவரும் அறிவர். பொடியள் வியாபாரியின் வேஷத்தில் பாடினார்கள்: மழையிலும் கழிவு, வெயிலிலும் கழிவு, தோட்டக்காரனின் ஆயுளிலும் பத்து வீதம் கழிவு என்ற பாவனையில், காத்தான் மெட்டைப் பிடித்து, மின்கித்தாரை அலறவிட்டு. சனசமூக நிலைய விழாவில் அரங்கேறிய அன்று முன்வரிசைக் கதிரைகளில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் வியாபாரிகள்தாம். ஒருவர் எழுந்து வந்து பொடியளின் கையில் காசும் வைத்துவிட்டுப் போனார். மறுநாட் காலையில் சந்தைக்குப் போன எங்கள் குலைகளுக்கு வழக்கம்போலவே கழித்தார்கள்.

வெறுஞ்சாக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் வழியில் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, ஆராவது பொலிசிலை ஒரு முறைப்பாடு குடுத்தாத்தான் எங்கடை பாட்டு எடுபடும் போல கிடக்கு” என்றான்.